பொய்ச் செய்தியும் நம் மாணவரும்

ஒரு காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் செய்தி மெல்லவே வந்து சேர்ந்தது. பெரட்டுக்களத்திலே கங்காணி சொன்னதும், தபாற்காரர் கொணர்ந்த கடிதமும், பிற்காலத்தில் வானொலி ஒலித்ததுமே செய்தி. வரும் வழி நீண்டதாயினும், “இதனை யார் சொன்னார்? அவருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பதற்கு அவகாசம் இருந்தது. இன்றோ பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் லயத்து வாயிற்படியில் அமர்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கைத்தொலைபேசிக்கு உலகத்துச் செய்தியெல்லாம் நொடிப் பொழுதில் வந்து சேர்கின்றது. மெய்யும் வருகின்றது, பொய்யும் வருகின்றது. இரண்டுக்கும் எழுத்து ஒன்றே, படம் ஒன்றே, அனுப்பியவரும் பெரும்பாலும் ஒருவரே. இவற்றைப் பிரித்தறியும் ஆற்றலை நம் மாணவர்க்கு யார் ஊட்டுவது என்பதே இன்று நாம் எண்ண வேண்டிய வினா. அது தமிழாசிரியரின் கடமை என்பதும், பழைய மாணவராகிய உங்கள் கடமையும் அதிலே உண்டு என்பதும் என் துணிபு.

வதந்தி இந்நாட்டுக்குப் புதியதன்று. 1958 ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தை நம் முதியோர் அறிவர். அவ்வமயம் பாணந்துறையில் ஒரு கதை பரவிற்று. மட்டக்களப்பிலே கற்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருவரைத் தமிழர் சிதைத்துக் கொன்றனர் என்பது அக்கதை. அதனைக் கேட்டுக் கொதித்தெழுந்த கூட்டம் அங்கிருந்த இந்துக் கோயிலின் குருக்களை உயிரோடு எரித்தது. பின்னர் விசாரித்தபோது, பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவரும் மட்டக்களப்பிலே பணியாற்றவில்லை என்பது கல்வி அமைச்சின் வாயிலாகத் தெரியவந்தது. தார்சி வித்தாச்சி அவ்வாண்டிலேயே வெளியிட்ட நூலில் இச்செய்தி பதிவாகியுள்ளது. எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் இடாப்பு ஒன்றைப் புரட்டியிருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும். புரட்டிப் பார்க்க எவரும் முன்வரவில்லை, கேட்ட கதை முந்திக்கொண்டது. 1983 ஜூலை 29 ஆம் நாள், புலிகள் கொழும்புக்குள் புகுந்துவிட்டனர் என்ற பொய் பரவியபோது அடங்கத் தொடங்கியிருந்த வன்செயல் மீண்டும் மூண்டு மேலும் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே மாதத்தில் நம் பதுளை நகரமும் எரிந்ததை நேரிற் கண்டோர் இன்னும் நம்மிடையே உளர்.

அன்று வதந்தி வாய்வழியே நடந்தது. அது பறக்கக் கற்றுக்கொண்ட கதையை 2018 இல் கண்டோம். அவ்வாண்டு பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரத்து முஸ்லிம் உணவகமொன்றில் கறியிலே ஏதோ கட்டி இருந்தது. அது சிங்கள மக்களை மலடாக்கும் மாத்திரை என்று ஒருவர் கூச்சலிட, கூட்டம் கூடிற்று. கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு, “போட்டாயா, இல்லையா?” என்று சிங்களத்திலே வினவினர். அம்மொழியில் தேர்ச்சியற்ற அவர், அச்சத்தாலும் மயக்கத்தாலும் ஆமெனப் பொருள்படும்படி விடை கூறினார். அக்காட்சி படமாக்கப்பட்டுப் பேஸ்புக் வழியே நாடெங்கும் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. உணவிற் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக் கூடிய மாத்திரை உலகில் இல்லை என்று மருத்துவர்கள் கூறினர். அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அக்கட்டி வெறும் மாவெனத் தெரிந்தது. ஆனால் அந்த முடிவு வெளிவருமுன், மார்ச் முதல் வாரத்தில், கண்டி மாவட்டத்துத் திகனையும் தெல்தெனியாவும் எரிந்துவிட்டன. அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்தது. பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஒரு வாரம் தடை செய்யப்பட்டன. அவ்வன்செயலிலே தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்கும் இழந்த உயிருக்கும் அவ்வருத்தம் ஈடாகுமா?

இவையெல்லாம் இனப்பகையால் விளைந்தவை, நமக்குள் இவ்வாறு நேராது என்று கூறுவாரும் உளர். அவர்கள் தமிழ்நாட்டை நோக்குக. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்ற பொய் வாட்ஸ்அப்பிலே பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூருக்கு அருகே குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பம் வந்தது. அக்குடும்பத்து மூதாட்டி வழியிலே கண்ட பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கினார். அதுவே குற்றமாயிற்று. ஊரார் அவரை அடித்துக் கொன்றனர். கொன்றோரும் தமிழர், இறந்தவரும் தமிழர், இரு திறத்தாரும் ஒரே தெய்வங்களை வணங்குவோர். இந்தியாவில் இத்தகைய கொலைகள் தொடர்ந்த பின்னரே, ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் அங்கு வரையறுத்தது. 2019 ஜனவரியில் அவ்வரையறை உலகெங்கும் வந்தது.

இந்நிலையில், “மாணவரிடமிருந்து தொலைபேசியைப் பறித்துவிடுக” என்பது பலரும் கூறும் பரிகாரம். வகுப்பறையிலே அதனை விலக்குவதை நானும் மறுக்கேன். ஆனால் அது முழுப் பரிகாரமாகாது. 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாமே பாடங்களை அக்கருவி வழியே அனுப்பினோம். அலைவரிசை தேடி ஊவாவின் பிள்ளைகள் குன்றேறிய காட்சியை நாடே கண்டது. இன்று விண்ணப்பம், பெறுபேறு, வெளியூரில் உழைக்கும் தாய் தந்தையரின் குரல் அனைத்தும் அதன் வழியே வருகின்றன. சட்டம் இயற்றினாற் போதும் என்போர்க்கு, 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் முன்னே இருக்கின்றது. அது மெய்யான குறையைச் சொல்வோர் வாயையும் அடைத்துவிடும் என்று பத்திரிகையாளரும் உரிமை பேசுவோரும் அஞ்சினர். அவ்விவாதம் எவ்வாறு முடியினும், சட்டம் செயற்படுவது பொய் பரவிய பின்னரே. பரவுமுன் தடுக்க வல்லது, அதனைப் பெற்ற பிள்ளையின் அறிவு ஒன்றே.

அவ்வறிவை வளர்க்கப் புதிய பாடமொன்றை இறக்குமதி செய்ய வேண்டுவதில்லை. நம் முன்னோர் அளவை நூல் என ஒன்றை வகுத்துள்ளனர். ஒரு பொருளை அறிதற்குரிய வாயில்கள் பலவாகப் பேசப்படினும், சைவ சித்தாந்திகள் அவற்றைக் காட்சி, கருதல், உரை என மூன்றனுள் அடக்கினர். இம்மூன்றையும் தரம் 9 மாணவர்க்கு விளக்கிவிட்டு, அவர்களுக்கு வந்த செய்தியொன்றை எடுத்து அளக்கச் செய்தால், அவர்கள் காட்டும் கூர்மை நம்மை வியக்க வைக்கும்.

முதலாவது காட்சி. கண்ணாற் கண்டதெல்லாம் மெய்யாகாது என்பது அளவை நூலாரின் முதற் பாடம். கயிறோ பாம்போ என மயங்குவது ஐயம், கயிற்றையே பாம்பெனத் துணிவது திரிவு. இன்று வரும் படங்களிற் பெரும்பாலான மோசடி இத்திரிவே. வேறொரு நாட்டு வெள்ளத்தின் படம், வேறோர் ஆண்டு மண்சரிவின் படம், நேற்று நம்மூரில் நடந்ததென்ற குறிப்போடு வருகின்றது. படம் பொய்யன்று, குறிப்பே பொய். அப்படத்தைக் கூகுள் தளத்திலே இட்டுத் தேடினால் முன்னர் எங்கே வெளிவந்தது என்பது பல வேளைகளிற் புலப்படும். இப்பொழுது இயந்திர நுண்ணறிவு வந்துவிட்டது. நடவாத நிகழ்ச்சிக்குப் படமும், பேசாத தலைவருக்குக் குரலும் ஆக்கித் தருகின்றது. ஆதலின் “என் கண்ணாற் கண்டேன்” என்ற சொல்லுக்கு முன்னிருந்த பெறுமதி இன்று இல்லை.

இரண்டாவது கருதல். புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று கொள்வது இதற்குரிய பழைய உதாரணம். நமுனுகுலை மலையிற் காலைப் பொழுதிலே எழும் பனிமூட்டத்தைப் புகையெனக் கருதித் தீயணைக்க ஓடுவோன் பிழைபட்டது கண்ணினால் மட்டுமன்று, கருத்தினாலுமாம். ஒரு தோட்டத்து மருந்தகம் இரு நாள் மூடியிருந்தது, ஆகவே அங்கு தொற்றுநோய் வந்ததை மறைக்கின்றனர் என எழுதுவோரின் நியாயம் இத்தகையதே. மூடியதற்கு வேறு காரணம் இருக்கக் கூடுமா என்ற ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவன் இவ்வகைப் பொய்க்கு எளிதில் இரையாகான்.

மூன்றாவது உரை. இங்கேதான் நம் சமூகத்தின் இடர் முழுதும் இருக்கின்றது. பிறர் உரையை ஏற்கலாம், ஆனால் உரைப்பவர் ஆப்தராய் இருத்தல் வேண்டும் என்றனர் முன்னோர். ஆப்தர் யார்? அப்பொருளை உள்ளவாறு அறிந்தவர், அறிந்ததை உள்ளவாறு சொல்லும் விருப்புடையவர். இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். மாமா அனுப்பினார், அண்ணா அனுப்பினார், கோயில் நிருவாக சபைத் தலைவர் அனுப்பினார் என்று பிள்ளைகள் சொல்கின்றனர். அவர்கள் பொய்யரல்லர், நம் நலம் விரும்புவோர். ஆனால் அவர்கள் அதனை அறிந்தவரா? அவர்களுக்கும் வேறொருவர் அனுப்பினார் என்பதே உண்மை. மனிதர்மேல் நாம் வைத்த நம்பிக்கை, அவர் அனுப்பிய செய்தியின்மேலும் தானாகத் தாவிவிடுகின்றது. மணிமேகலையிலே அளவைகளைப் பட்டியலிடும் இடத்தில், இம்மரத்திற் பேய் உண்டென உலகத்தார் வழிவழி கூறுவதை நம்புதல் ஐதிகம் என்னும் அளவைக்கு உதாரணமாக வருகின்றது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திக்கு வாட்ஸ்அப் இடும் இரட்டை அம்புக்குறி இம்மரத்துப் பேயின் அடையாளமே என்று வகுப்பிற் கூறினால் பிள்ளைகள் சிரிப்பர், மறக்கமாட்டார்.

பதவியும் அறிவுக்குச் சான்றாகாது. 2020 டிசம்பரிற் கேகாலை மாவட்டத்தில் ஒருவர் கொரோனாவைத் தீர்க்கும் பாணி தம்மிடம் உண்டென்று கூற, நோய் பரவும் அக்காலத்திலேயே ஆயிரக்கணக்கானோர் அவர் வாயிலில் நெருங்கி நின்றனர். அப்போதைய சுகாதார அமைச்சரே அதனை அருந்திக் காட்டினார். அடுத்த மாதத்தில் அவருக்கும் கொரோனா தொற்றியது.

பெரியோரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நம் பிள்ளைகள். அப்பண்பு அழியலாகாது. ஆயினும் மரியாதையோடு வினவுதல் என்பதும் ஒரு மொழித்திறனே. “மாமா, இது தங்களுக்கு எங்கிருந்து வந்தது? பத்திரிகையிற் காணோமே, பார்த்துச் சொல்லுங்கள்” என்று எழுதுவதற்கு ஒரு பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும். குழுவிலே எல்லோர் முன்னும் “இது பொய்” என்று எழுதினால் மூத்தவர் முகம் வாடும், அவர் திருந்தார். தனியே எழுதினால் கேட்பார். கடிதம் எழுதக் கற்பிக்கும் நாம் இதனையும் கற்பிக்கலாமன்றோ?

வதந்தி கலவரத்தோடு நிற்பதில்லை, நம் தோட்டத்துக் குடும்பத்தின் சோற்றிலும் கை வைக்கின்றது. வெளிநாட்டில் வேலை, பெருஞ்சம்பளம், கட்டணம் சிறிது என்ற விளம்பரங்கள் க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கும் இளைஞரைத் தேடி வருகின்றன. கணினி வேலை என்ற ஆசை வார்த்தையை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் பலர் மியன்மாரின் எல்லைப்புற மோசடி முகாம்களில் அடைபட்டு வதைபட்டதையும், பின்னர் சிலர் மீட்கப்பட்டதையும் 2023, 2024 ஆம் ஆண்டுகளில் அறிந்தோம். வேலைவாய்ப்பு முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உசாவலாம். 1989 என்ற இலக்கத்துக்கு ஓர் அழைப்புப் போதும். தாயின் காதணி அடகுக் கடைக்குச் செல்லுமுன் அவ்வழைப்பை எடுக்க வேண்டுமென்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

முழுப் பொய்யிலும் தந்திரமானது அரைமெய். 2024 மே மாதத் தொடக்கத்திலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா ஆயிற்று என்ற செய்தி எங்கும் பரவியது. வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது மெய். ஆனால் கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என முடிவாயிற்று, எஞ்சிய 350 ரூபா ஊக்குவிப்புக் கொடுப்பனவோடு பிணைக்கப்பட்டது. அறிவித்தல் வேறு, நடைமுறை வேறு, கைக்கு வரும் சம்பளம் வேறு. இம்மூன்றையும் வேறுபடுத்தி வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அத்தாய் தந்தையர் எந்த மேடைப் பேச்சுக்கும் மயங்கார்.

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். எல்லாம் பொய் என்று கைவிரிக்கும் மாணவனையும் காண்கிறேன். அவன் தன்னை அறிவாளி என எண்ணுகின்றான். ஆனால் மெய்யை நம்பாமையும் பொய்யை நம்புதலைப் போன்ற கேடே. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. முதல் நாள்களில் இறந்தோர் தொகை நூறு என்றும் பல நூறு என்றும் கூறப்பட்டு, பின்னர் பெரிதும் குறைந்தது. வேலைக்கும் பாடசாலைக்கும் சென்றிருந்தோர் உயிரோடு இருந்தனர். பேரிடரின் முதல் நாளில் வரும் எண்ணை இறுதி எண்ணெனக் கொள்ளலாகாது என்பது ஒரு பாடம். மற்றதோ அதனினும் பெரிது. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மாற்று வீடு ஒழுங்காக அமையாத மக்கள்மேற் பழி சுமத்தல் அறமன்று. ஆயினும் மெய்யான எச்சரிக்கை செயலாகாவிடின் என்ன நேரும் என்பதற்கு அம்மண்ணே சாட்சி. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மீண்டும் அத்துயரைக் கண்டது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கின்றது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மழை இரவிலே பத்துப் பொய்ச் செய்திகளுக்கிடையே இவ்வொரு மெய்ச் செய்தியை இனங்கண்டு பாட்டியை எழுப்பி வெளியே அழைத்துச் செல்லும் பிள்ளையே நாம் விரும்பும் மாணவன்.

பிற நாட்டார் இதனை எவ்வாறு செய்கின்றனர்? பின்லாந்து 2016 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பாடத்திட்டத்திற் பல்வகை எழுத்தறிவை எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக்கியது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வைன்பர்க், மக்குரூ என்னும் இருவர் 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்று சுவையானது. வரலாற்றுப் பேராசிரியரும் பல்கலைக்கழக மாணவரும் ஒரு தளத்தின் அழகிலும் பெயரிலும் மயங்கி அதனையே ஊன்றி வாசித்தனர். செய்தி சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டோரோ உடனே அத்தளத்தை விட்டு வெளியேறி, அதனைப் பற்றிப் பிறர் என்ன கூறுகின்றனர் எனத் தேடினர். விரைவிலே மெய்யை அடைந்தவர் அவர்களே. ஊன்றி வாசிக்குமுன் அக்கம்பக்கம் விசாரி என்பதே இதன் சாரம். பெண் கொடுக்குமுன் நம்மவர் செய்வதும் அதுவேயன்றோ!

இனி, செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன். முதலாவது, தமிழ்ப் பாடத்தின் கிரகித்தற் பயிற்சியிலே மாதம் ஒருமுறையேனும் உண்மையாக உலவும் செய்தியொன்றை எடுத்து ஆராய்தல் வேண்டும். யார் சொன்னார், எப்பொழுது, எங்கே, வேறு யார் சொல்கின்றார், இதனால் எவருக்கு இலாபம் என்னும் ஐந்து வினாக்கள் போதும். இரண்டாவது, சிங்களத்தைப் பரீட்சைக்காக அன்றி உயிர்காப்பாகவே கற்பித்தல் வேண்டும். அம்பாறைக் கடைக்காரருக்கு நேர்ந்தது மொழியறியாமையால் விளைந்த இடர். அயல் வீட்டாரின் மொழி தெரிந்தால் அவர்களிடமே நேரிற் கேட்கலாம், அவர்களிடையே நம்மைப் பற்றி உலவும் பொய்யையும் மறுக்கலாம். மூன்றாவது, பெக்ட் கிரசெண்டோ போன்று இலங்கையிலே தமிழிலும் செய்தி சரிபார்க்கும் தளங்களை மாணவர்க்கு அறிமுகஞ் செய்தல் வேண்டும்.

நான்காவது, பழைய மாணவராகிய உங்களுக்கானது. உங்களுள் வைத்தியர் உளர், சட்டத்தரணிகள் உளர், தோட்ட உத்தியோகத்தர் உளர், வங்கியாளர் உளர். நம் பிள்ளைகட்கு வேண்டிய ஆப்தர் நீங்களே. “இது மெய்யா?” என்று ஓர் ஆசிரியரோ மாணவரோ வினவினால், தத்தம் துறையில் அறிந்ததை உரைக்க ஒவ்வொரு துறைக்கும் ஒருவரைச் சங்கம் நியமித்தால் செலவின்றி ஒரு பெருந்தொண்டு நிகழும். அத்தோடு, நீங்கள் கூடியிருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் எச்செய்தியையும் அனுப்புமுன் ஒரு கணம் நில்லுங்கள். உங்கள் பெயரோடு வரும் செய்தியை உங்கள் பிள்ளைகளும் மருமக்களும் ஐயமின்றி நம்புகின்றனர். பொய்யை அனுப்பியது தெரியவந்தால், பிழையென அதே குழுவில் எழுதுங்கள். மூத்தோர் அவ்வாறு எழுதக் கண்ட பிள்ளைக்கு ஆசிரியர் வேறொன்றும் கற்பிக்க வேண்டியதில்லை.

எழுத்தறிவு தோட்டத்து மக்களுக்கு எளிதில் வந்ததன்று. எம் பாட்டன்மார் கைநாட்டு வைத்துச் சம்பளம் பெற்றனர். தாளில் என்ன எழுதியிருந்தது என்பது அவர்க்குத் தெரியாது, சொன்னதை நம்பினர், இழந்தனர். அந்நிலையிலிருந்து நம்மை மீட்டவை இத்தகைய கல்லூரிகளே. இன்று எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை, படித்ததையெல்லாம் அவ்வாறே நம்பி மீண்டும் ஏமாறுவானாயின், பெற்ற எழுத்தறிவு பாதியிலே நின்றதாகும். எஞ்சிய பாதியைக் கற்பிக்கும் பணி நம்முடையது. அதற்கு வேண்டிய மொழியும் நூலும் ஆசிரியரும் நம்மிடம் உண்டு. வேண்டியது தொடங்கும் மனமே.